உதவித்தொகை பெற்றுக்கொண்டே வேலைக்குப் போகலாமா? அமெரிக்க விதிகள் மாதம் மாதமாக எப்படி இயங்குகின்றன

அமெரிக்காவில் உடல்நலக் குறைவால் மாதந்தோறும் அரசு உதவித்தொகை பெறுபவர்களிடையே ஓர் அச்சம் பரவலாக இருக்கிறது: ஒரு மாதம் சம்பளம் வாங்கினாலே தொகை நின்றுவிடும், மருத்துவக் காப்பீடும் கூடவே போய்விடும். 'இவ்வளவு டாலருக்குக் கீழே சம்பாதித்தால் ஒன்றும் ஆகாது' என்று உறுதியாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் நம்பக்கூடாது. முதலாவதை நம்பியவர், முடிந்த வேலையைக்கூடச் செய்யாமல் வீட்டில் முடங்கிவிடுகிறார். இரண்டாவதை நம்பியவருக்கு ஓரிரு ஆண்டு கழித்து ஒரு கடிதம் வருகிறது. அதில் ஐந்து இலக்கத் தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கும்.

வேலைக்குத் திரும்புபவருக்கு விதிகளில் சாதகமான இடங்கள் நிறையவே உண்டு. அவை எந்த வரிசையில் வருகின்றன, எந்த மாதத்தில் எது தீர்ந்துபோகிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

## முதல் கேள்வி: உங்களுடையது எந்தத் திட்டம்?

அமெரிக்க மத்திய அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் நடத்தும் இத்தகைய திட்டங்கள் இரண்டு. ஒரே அலுவலகம், ஒரே மாதிரியான மருத்துவ ஆய்வு, பெயர்களிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் சம்பளம் வந்தால் அவை போடும் கணக்கு முற்றிலும் வேறு.

எஸ்.எஸ்.டி.ஐ. என்பது காப்பீடு. வேலை செய்த காலத்தில் சம்பளத்திலிருந்து பிடித்த வரிதான் இதற்கான பிரீமியம். 1956 இல் தொடங்கியபோது 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அந்த வயது வரம்பு 1960 இல் நீக்கப்பட்டது. கையில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, துணைவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று இத்திட்டம் கேட்பதில்லை. தொகை கிடைக்கத் தொடங்கி 24 மாதங்கள் ஆனதும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு சேர்ந்துகொள்ளும்.

எஸ்.எஸ்.ஐ. என்பது வறுமைக்கான உதவி. 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு வேலை செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வருமானமும் சொத்தும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். 2025 இல் தனிநபருக்கான உச்ச மத்திய அரசுத் தொகை மாதம் 967 டாலர். பெரும்பாலான மாநிலங்களில் இதோடு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்எய்ட் கிடைக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பெறுபவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் ஓடும்.

படைவீரர் துறை தரும் இழப்பீடு, தனியார் நிறுவனக் காப்பீடு, தொழிலாளர் விபத்து இழப்பீடு ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் இருக்கின்றன; இங்கே சொல்லப்படுவது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

## குழப்பத்தின் வேர்

படைவீரர் துறை ஒருவரின் பாதிப்பை 10 விழுக்காடு, 50 விழுக்காடு என்று அளந்து அதற்கேற்பப் பணம் தரும். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் அப்படிப்பட்ட பாதி அளவு கிடையாது. குறைந்தது 12 மாதம் நீடிக்கக்கூடிய அல்லது மரணத்தில் முடியக்கூடிய நோயால் கணிசமான வேலை எதையும் செய்ய முடியாது என்று நிரூபித்தால் மட்டுமே தொகை. நிரூபிக்க மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அப்படிப் போராடி வாங்கிய ஒருவரிடம், 'இப்போது வேலைக்குப் போய்ப் பாருங்கள்' என்று அதே அலுவலகம் சொன்னால் அவர் பயப்படத்தான் செய்வார். அது நியாயமான பயம்.

'கணிசமான வேலை' என்பதற்கு ஒரு டாலர் எல்லை இருக்கிறது. அதை எஸ்.ஜி.ஏ. என்பார்கள். 2025 இல் அது மாதம் 1,620 டாலர், பார்வையற்றவர்களுக்கு 2,700. ஆண்டுதோறும் இது மாறும். கணக்கில் வருவது கைக்கு வரும் தொகை அல்ல. வரிப் பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம். சம்பளச் சீட்டின் அடியிலிருக்கும் எண்ணைப் பார்த்து 'வரம்புக்குள்தான் இருக்கிறேன்' என்று நிம்மதியாக இருந்தவர்கள் பலர் தவறியது இந்த இடத்தில்தான்.

## எஸ்.எஸ்.டி.ஐ.: படிகள் நான்கு, முடிவில் பள்ளம்

இத்திட்டத்தில் வேலைக்குத் திரும்புவது கட்டம் கட்டமாக நடக்கும். ஒரு கட்டத்தின் விதி அடுத்ததில் செல்லாது.

1. சோதனை வேலைக் காலம். மொத்தம் 9 மாதங்கள். இந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் முழு உதவித்தொகையும் வரும், வேலை செய்வதை முறையாகத் தெரிவித்திருந்தால். இவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. எந்த 60 மாதக் காலத்துக்குள்ளும் 9 சேர்ந்துவிட்டால் காலம் முடிந்தது.

2. நீட்டிக்கப்பட்ட தகுதிக் காலம். அதற்கடுத்த 36 மாதங்கள், இடைவெளியின்றி ஓடும். சம்பளம் எஸ்.ஜி.ஏ. வரம்பைத் தாண்டாத மாதத்தில் முழுத் தொகை உண்டு. தாண்டிய மாதத்தில், அடுத்துச் சொல்லும் சலுகை மாதங்கள் தவிர, ஒரு டாலரும் இல்லை.

3. சலுகை மாதங்கள். சோதனைக் காலம் முடிந்த பிறகு முதன்முறையாக வரம்பைத் தாண்டும் மாதத்துக்கும் அதற்கடுத்த இரண்டு மாதங்களுக்கும் தொகை வரும். இந்த மூன்றும் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

4. முடிவும் மீட்பும். 36 மாதங்களும் கழிந்த பிறகு வரம்பைத் தாண்டினால் கோப்பு மூடப்படும். மூடியதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் அதே நோயோ அதோடு தொடர்புடைய நோயோ வேலையைக் கெடுத்தால், புதிய விண்ணப்பம் இல்லாமலே விரைவு மீட்பு கோரலாம். அதைப் பரிசீலிக்கும்போது 6 மாதங்கள் வரை தற்காலிகத் தொகையும் கிடைக்கும்.

முதல் படியில் ஒரு கண்ணி இருக்கிறது. சோதனை மாதமாகக் கணக்கிடப்படுவதற்கான எல்லை எஸ்.ஜி.ஏ.யைவிடக் குறைவு. 2025 இல் அது 1,160 டாலர். அதாவது 1,620 ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, பகுதி நேரமாக மாதம் 1,200 டாலருக்கு வேலை செய்யும் ஒருவர், தாம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே 9 சோதனை மாதங்களையும் செலவழித்துவிடுகிறார். நாளை முழுநேர வேலை கிடைத்து, உடல் தாங்குமா என்று பார்க்க விரும்பும்போது அவர் கையில் சோதனை மாதம் ஒன்றுகூட மிச்சமிருக்காது. சொந்தத் தொழில் செய்பவருக்கு இன்னொரு வாயிலும் உண்டு: நிகர வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், மாதத்தில் 80 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருந்தால் அதுவும் சோதனை மாதமே.

### ஒரு கணக்கை நெருங்கிப் பார்ப்போம்

முதுகுத்தண்டு அறுவைக்குப் பின் எஸ்.எஸ்.டி.ஐ. பெறும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். தொகை மாதம் 1,500 டாலர். எண்கள் எளிதாக இருக்க 2025 வரம்புகளே தொடர்ந்து செல்வதாகக் கொள்வோம்.

ஜனவரியில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பகுதி நேரமாகச் சேர்கிறார். மொத்தச் சம்பளம் 1,300. மாதந்தோறும் அவருக்கு வருவது 1,300 + 1,500 = 2,800 டாலர். செப்டம்பரோடு 9 சோதனை மாதங்கள் முடிகின்றன. அக்டோபரில் 36 மாதக் காலம் தொடங்குகிறது. சம்பளம் இன்னும் 1,300 தான் என்பதால் தொகை தொடர்ந்து வருகிறது. எதுவும் மாறவில்லை என்றே அவருக்குத் தோன்றும்.

அடுத்த பிப்ரவரியில் வேலை நேரத்தைக் கூட்டுகிறார்கள். சம்பளம் 1,900 ஆகிறது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகியவை சலுகை மாதங்கள், தொகை வரும். மே மாதத்திலிருந்து அது நிற்க வேண்டும். முந்தைய மாதம் 3,400 வந்தது, இப்போது வெறும் 1,900. சம்பளத்தில் கூடிய 600 டாலருக்காக 1,500 டாலரை இழக்கிறார். பள்ளம் என்று சொன்னது இதைத்தான். ஆகஸ்டில் வலி மீண்டும் வந்து, அந்த மாதம் 900 டாலருக்குத்தான் வேலை செய்ய முடிந்தது என்றால், ஆகஸ்டு மாதத்துக்கான 1,500 டாலர் அவருக்கு உரியது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம். தகவல் தெரிவித்தால் போதும்.

இந்தப் பள்ளத்தைச் சரிவாக மாற்றலாம் என்ற யோசனை புதிதல்ல. வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் மட்டும் குறைப்பது என்ற முறையைச் சோதித்துப் பார்க்க 1999 ஆம் ஆண்டு 'டிக்கெட் டு ஒர்க்' சட்டமே ஆணையிட்டது, சோதனையும் நடந்தது. நிரந்தர விதியாக அது இன்னும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கூடுதலாக உழைத்த மாதத்தில் வீட்டுக்கு வரும் பணம் குறைவதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

## எண்ணப்படும் சம்பளத்தைக் குறைக்கும் வழிகள்

எஸ்.ஜி.ஏ. வரம்போடு ஒப்பிடுவதற்கு முன் சில தொகைகளைக் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கேட்காமல் இவை கழிக்கப்படுவது அரிது.

நோய் காரணமான வேலைச் செலவுகள். வேலை செய்வதற்காக, நோயின் பொருட்டு, சொந்தப் பணத்தில் செலவழித்தவை: மருந்துக்குக் காப்பீடு போக நாம் கட்டும் பங்கு, சக்கர நாற்காலி ஏறும் வாகனக் கட்டணம், உதவியாளர் கூலி போன்றவை. மொத்தச் சம்பளம் 1,700. மருந்துக்கு 60, வாகனத்துக்கு 80 என்றால் எண்ணப்படுவது 1,560. வரம்புக்குள் வந்துவிட்டது. காப்பீடு திருப்பித் தந்த செலவு சேராது. ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். சோதனை மாதத்தைக் கணக்கிடும்போது மட்டும் இந்தக் கழிவு கிடையாது. அங்கே மொத்தச் சம்பளம்தான்.

முதலாளியின் விட்டுக்கொடுப்பு. கூடுதல் ஓய்வு நேரம், கனமான வேலையைச் சக ஊழியர் செய்துகொடுப்பது என்று முழுச் சம்பளத்துக்குக் குறைவான உழைப்பை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கலாம். 1,800 டாலர் சம்பளத்தில் உழைப்பின் உண்மை மதிப்பு 80 விழுக்காடுதான் என்று முதலாளி எழுதிக்கொடுத்து, அதை அலுவலகமும் ஏற்றால் எண்ணப்படுவது 1,440.

தோற்றுப்போன முயற்சி. 6 மாதமோ அதற்குக் குறைவாகவோ செய்த வேலையை நோயின் காரணமாக விட நேர்ந்தால், அந்தக் காலத்தை எஸ்.ஜி.ஏ. வேலையாகக் கருதாமல் விடலாம்.

## எஸ்.எஸ்.ஐ.: மாதந்தோறும் சரியும் கணக்கு

இங்கே பள்ளம் இல்லை, சரிவு உண்டு. சோதனைக் காலமும் இல்லை; முதல் சம்பளத்திலிருந்தே கணக்கு தொடங்கும். வேறு வருமானம் இல்லாதவருக்கு, மொத்தச் சம்பளத்தில் 85 டாலரைக் கழித்து, மீதியைப் பாதியாக்கி, அந்தப் பாதியை 967 இலிருந்து கழிக்க வேண்டும்.

சம்பளம் 885 டாலர் என்றால்: 85 போக 800, அதில் பாதி 400, உதவித்தொகை 567. மொத்தம் கைக்கு 1,452. வேலை இல்லாதபோது 967 தான். இந்தக் கணக்கின்படி 2025 இல் சம்பளம் 2,019 டாலரை எட்டும்போதுதான் மத்திய அரசுத் தொகை பூஜ்யமாகும். எஸ்.எஸ்.ஐ. பெறுபவர் வேலைக்குப் போனால் வருமானம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், இந்தக் கூட்டலைக் காட்டலாம்.

உண்மையான தடை சம்பளத்தில் இல்லை, சேமிப்பில் இருக்கிறது. எஸ்.எஸ்.ஐ. பெறும் தனிநபரிடம் எண்ணத்தக்க சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக்கூடாது, தம்பதிக்கு 3,000. இந்த எல்லை 1989 இலிருந்து ஒரு டாலர்கூட உயரவில்லை. வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்தவர், சேர்த்த காரணத்துக்காகவே தகுதியை இழக்கிறார். இதற்கு ஒரு மாற்று, 2014 சட்டத்தால் வந்த ஏபிள் என்ற சேமிப்புக் கணக்கு. அதில் போடும் பணத்தில் 1,00,000 டாலர் வரை எஸ்.எஸ்.ஐ. கணக்கில் சேராது. 26 வயதுக்கு முன் உடல்குறை ஏற்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்த இந்த வசதி, 2026 ஜனவரி முதல் 46 வயதுக்கு முன் ஏற்பட்டவர்களுக்கும் விரிகிறது.

## மருத்துவக் காப்பீடு என்னவாகும்?

பலர் வேலைக்குப் போகத் தயங்குவது உதவித்தொகைக் காசோலைக்காக அல்ல, மருந்துக்காகத்தான். மாதம் ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள ஊசி போட்டுக்கொள்பவருக்கு உதவித்தொகையைவிடக் காப்பீட்டு அட்டையே பெரிது. 1999 டிசம்பரில் கையெழுத்தான 'டிக்கெட் டு ஒர்க்' சட்டம் இந்தப் பயத்தை நேரடியாகக் கையாண்டது.

எஸ்.எஸ்.டி.ஐ. பெறுபவருக்குச் சோதனைக் காலம் முடிந்த பிறகு குறைந்தது 93 மாதங்கள் மெடிகேர் தொடரும். அதாவது ஏழே முக்கால் ஆண்டுகள். வேலையால் காசோலை நின்றிருந்தாலும் இது நிற்காது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மருத்துவமனைச் செலவுக்கான 'ஏ' பகுதிக்குக் கட்டணம் இல்லை. மருத்துவர் செலவுக்கான 'பி' பகுதிக்கு மாதக் கட்டணம் உண்டு. 2025 இல் வழக்கமான அளவு 185 டாலர். காசோலை வந்தவரை அதிலிருந்தே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் தனியாக பில் வரும். பழக்கமில்லாத அந்த உறையைப் பிரிக்காமல் வைத்துவிட்டு 'பி' பகுதியை இழக்கும் ஆபத்து இருக்கிறது.

எஸ்.எஸ்.ஐ. பெறுபவருக்கு 1619(பி) என்ற பிரிவு இருக்கிறது. சம்பளத்தால் தொகை பூஜ்யமானாலும், உடல்குறை நீடித்து, மெடிக்எய்ட் இல்லாமல் வேலையைத் தொடர முடியாத நிலை இருந்து, ஆண்டு வருமானம் மாநிலம் வகுத்த எல்லைக்குள் இருந்தால் காப்பீடு தொடரும். எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

## வேலைக்குப் போனால் 'குணமாகிவிட்டது' என்பார்களா?

எஸ்.எஸ்.டி.ஐ. 24 மாதங்களுக்கு மேல் பெற்றவர் விஷயத்தில், வேலைக்குப் போனார் என்பதையே காரணமாக வைத்து மருத்துவ மறு ஆய்வைத் தொடங்கக் கூடாது. ஆனால் மூன்று ஆண்டுக்கொரு முறை, ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கொரு முறை என்று ஏற்கெனவே குறிக்கப்பட்ட ஆய்வு அதன்பாட்டில் வரும். 'டிக்கெட் டு ஒர்க்' திட்டத்தில் ஒரு வேலைவாய்ப்பு அமைப்பிடமோ மாநில மறுவாழ்வுத் துறையிடமோ டிக்கெட்டை, அதாவது வேலைவாய்ப்பு உதவி பெறுவதற்கான சீட்டை, ஒப்படைத்து, ஒப்புக்கொண்டபடி முன்னேற்றம் காட்டும் காலத்தில் அந்த ஆய்வும் நிறுத்திவைக்கப்படும். ஆய்வுக் கடிதம் வந்த பிறகு டிக்கெட்டைக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 18 முதல் 64 வயது வரையிலானவர்களுக்கான இத்திட்டத்தில் சேருவது விருப்பம்தான், கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை.

## அந்தக் கடிதம் ஏன் வருகிறது?

மேலே பார்த்த பெண்ணின் தொகை மே மாதத்தில் நின்றிருக்க வேண்டும். நடைமுறையில் அது தானாக நிற்பதில்லை. சம்பள விவரம் அலுவலகத்துக்கு வர வேண்டும், யாராவது அதைப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும். இதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். அதுவரை 1,500 டாலர் வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். அவர்களே அனுப்புகிறார்கள், சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். 14 மாதம் அப்படி ஓடினால் கடன் 21,000 டாலர்.

தடுக்கும் வழி ஒன்றுதான்: வேலை தொடங்கிய நாள், சம்பள மாற்றம், வேலை விட்ட நாள் ஆகியவற்றை உடனுக்குடன் தெரிவித்து, தெரிவித்ததற்கு ரசீது வாங்கிக்கொள்வது. ரசீது தருவது அலுவலகத்தின் கடமை. எஸ்.எஸ்.ஐ. பெறுபவர் ஒரு மாத மாற்றத்தை அடுத்த மாதம் 10 ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். வரக்கூடாத தொகை வந்துகொண்டிருப்பது தெரிந்தால் அதைத் தொடாமல் தனியே வைப்பது நல்லது.

கடிதம் வந்துவிட்டால், கட்டுவதற்கு முன் செய்யக்கூடியவை:

1. கணக்கு தவறென்று தோன்றினால் 60 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். வேலைச் செலவுகளைக் கழித்தார்களா, சலுகை மாதங்களைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். இரண்டும் விட்டுப்போக வாய்ப்புண்டு.
2. கணக்கு சரி, ஆனால் தவறு உங்களுடையதல்ல, திருப்பிக் கட்டினால் அன்றாடச் செலவுக்கே வழியில்லை என்றால் தள்ளுபடி கோரலாம். இதற்குக் காலக்கெடு கிடையாது.
3. இவற்றில் ஒன்றை 30 நாட்களுக்குள் கேட்டுவிட்டால், முடிவு வரும்வரை மாதத் தொகையிலிருந்து பிடித்தம் தொடங்காது.

பிடித்தத்தின் அளவு அண்மையில் பலமுறை மாறியிருக்கிறது. முழுக் காசோலையையும் பிடிக்கும் வழக்கம் 2024 மார்ச்சில் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் மீண்டும் 100 என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே எஸ்.எஸ்.டி.ஐ. உள்ளிட்ட காப்பீட்டுத் தொகைகளுக்கு அது 50 ஆனது. எஸ்.எஸ்.ஐ.க்கு 10. பழைய செய்தியைப் படித்துவிட்டு முடிவெடுப்பது ஆபத்து.

## சேரும் முன் வாங்க வேண்டிய தாள்

பலன் திட்டமிடல் அறிக்கை என்று ஒன்று உண்டு, அலுவலகங்களில் பி.பி.க்யூ.ஒய். என்பார்கள். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். எந்தத் திட்டத்தில் எவ்வளவு வருகிறது, அடுத்த மருத்துவ ஆய்வு எப்போது, மெடிகேர் நிலை என்ன, அவர்கள் பதிவில் உள்ள பழைய சம்பளங்கள் எவை என்று எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு 'விப்பா' என்ற திட்டத்தின் ஆலோசகரைப் பார்க்கலாம். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் நிதியில் மாநிலந்தோறும் இலவசமாக இயங்குகிறார்கள். வீட்டு வாடகைச் சலுகை, உணவு உதவி ஆகியவையும் சம்பளத்தால் மாறும் என்பதால் அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தருவார்கள்.

எஸ்.எஸ்.டி.ஐ. பெறுபவர் அந்தத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது, 9 சோதனை மாதங்களில் எத்தனை ஏற்கெனவே செலவாகியிருக்கின்றன என்ற எண்ணை. நான்கு ஆண்டுகளுக்கு முன் மூன்று மாதம் கடையில் நின்று சம்பாதித்தது மறந்துபோயிருக்கலாம். அந்த மூன்று அங்கே பதிவாகியிருந்தால், அவருக்கு மிச்சமிருப்பது ஆறுதான்.